தீனியா, தடியா? நாய் பழக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய் வளர்க்கும் வீடுகளிலிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை கடைசியில். ஒரு முறை விளக்கியதை மறுபடி எழுதாமல் கேள்வி எண்ணை மட்டும் சொல்லியிருக்கிறோம்.

1. வெகுமதி முறை, தண்டனை முறைன்னா என்னங்க? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

நாய் ஒன்றைச் செய்த மறுகணம் அதற்கு வேண்டியது கிடைத்தால் அதையே மறுபடி செய்யும். வலியோ பயமோ வந்தால் குறைத்துக்கொள்ளும். எட்வர்ட் தார்ண்டைக் என்பவர் பூனைகளைப் பெட்டிக்குள் விட்டு, அவை கதவைத் திறக்கக் கற்றதைக் கவனித்து 1898இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த விதி இது. பிறகு பி. எஃப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்து அதை விரிவாக்கினார்.

தண்டனையில் இரண்டு வகை உண்டு. வேண்டாததைத் தருவது ஒன்று: அடி, கழுத்தைச் சுண்டி இழுப்பது, காதருகே கத்துவது. வேண்டியதை நிறுத்திக்கொள்வது மற்றொன்று: மேலே தாவும் நாய்க்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பது. வெகுமதி முறையில் பழக்குபவர்கள் முதல் வகையைத் தொடுவதில்லை. இரண்டாவதை அளவோடு பயன்படுத்துவார்கள். கீழே 'தண்டனை' என்று வரும் இடமெல்லாம் முதல் வகையைத்தான் குறிக்கும்.

2. "அடியாத மாடு படியாது"ன்னு எங்க மாமனார் சொல்றார். அந்தக் காலத்துல எல்லா நாயும் அடி வாங்கித்தானே வளர்ந்துச்சு?

வளர்ந்தது உண்மை. ஆனால் அந்த நாயிடம் என்ன எதிர்பார்த்தார்கள் என்று பாருங்கள். தோட்டத்திலும் வாசலிலும் திரியும், ராத்திரி குரைக்கும், மிச்சச் சோறு தின்னும். இன்றைக்கு அதே நாய் இரண்டு அறை வீட்டுக்குள் இருக்க வேண்டும். லிஃப்டில் அந்நியரோடு நிற்க வேண்டும். டெலிவரி பையன் வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். குழந்தை வாலை மிதித்தாலும் பொறுக்க வேண்டும். 'செய்யாதே' என்பதை மட்டுமே சொல்லத் தெரிந்த அடி, இத்தனை 'செய்'களை எப்படிக் கற்றுத்தரும்?

அடித்துப் பழக்குவது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல. ஜெர்மனியில் போலீஸ் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் 1910இல் எழுதிய கையேடு, சுண்டி இழுப்பதையும் கட்டாயப்படுத்துவதையும் முறையாகவே வகுத்தது. ராணுவங்கள் வழியாக அது உலகெங்கும் பரவியது. அவருக்கு இருந்த கைத்திறன் வீட்டில் செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பவருக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

3. நாமதான் தலைவன்னு காட்டலேன்னா நாய் நம்ம தலையில ஏறிடும்னு சொல்றாங்களே?

இந்தக் கருத்து ஓநாய் ஆய்விலிருந்து வந்தது. 1947இல் ருடால்ஃப் ஷென்கெல், சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்கள் ஆதிக்கத்துக்காகச் சண்டையிட்டதைப் பதிவு செய்தார். டேவிட் மெக் 1970இல் எழுதிய நூல், கூட்டத்தை அடக்கி ஆளும் தலைவன் என்ற பொருளில் 'ஆல்ஃபா' என்ற சொல்லைப் பிரபலமாக்கியது. காட்டில் நேரடியாகப் பல ஆண்டுகள் கவனித்த பிறகு, அதே மெக் 1999இல் திருத்தி எழுதினார்: இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், அவற்றின் குட்டிகள். அங்கே தலைமைக்கான போட்டி கிடையாது, குடும்பம்தான்.

மல்லாக்கத் தள்ளி அமுக்குவது, முறைத்துப் பார்ப்பது போன்றவை ஆபத்தும் கூட. 2009இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் நாய் உரிமையாளர்களிடம் நடத்திய ஆய்வில், நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதத்தினரிடமும், மல்லாக்கத் தள்ளியவர்களில் 31 சதவீதத்தினரிடமும் நாய் பதிலுக்குச் சீறியிருக்கிறது. நாய் சோபாவில் ஏறுவது மெத்தென்று இருப்பதால். ஆட்சியைப் பிடிப்பதற்காக அல்ல.

4. ஆனா அடிச்சா உடனே நிறுத்திடுதே! அப்ப வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?

அந்த நிமிடத்துக்கு நின்றது. நின்றதும் உங்களுக்கு நிம்மதி; அதனால் அடுத்த முறையும் கை ஓங்குகிறது. இங்கே வெகுமதி பெற்றுப் பழகியது நீங்கள். நாய் கற்றது பெரும்பாலும் 'அப்பா வீட்டில் இருக்கும்போது செருப்பைக் கடிக்கக் கூடாது' என்பதுதான். அவர் வேலைக்குப் போனதும் செருப்பு போய்விடும்.

தண்டனை உண்மையிலேயே பலிக்க வேண்டுமானால் மூன்று நிபந்தனைகள்: தவறு செய்த ஒரு நொடிக்குள் விழ வேண்டும், ஒரு முறைகூடத் தப்பக் கூடாது, முதல் முறையே போதுமான கடுமையோடு இருக்க வேண்டும். லேசாகத் தொடங்கி ஏற்றிக்கொண்டே போனால் நாய் தாங்கப் பழகிவிடும். இந்த மூன்றும் எந்த வீட்டிலும் நடப்பதில்லை. 2020இல் போர்ச்சுகலின் போர்ட்டோவில் 92 வீட்டு நாய்களை ஆராய்ந்தார்கள். தண்டனை அதிகம் பயன்படுத்தும் பள்ளிகளில் படித்த நாய்களிடம் பயிற்சியின்போது மூச்சிரைப்பும் பதற்றக் குறிகளும் கூடுதல். பயிற்சிக்குப் பின், மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனும் அதிகம் ஏறியிருந்தது.

5. என்ன தீனி கொடுக்கணும்? எவ்வளவு? நாங்க சைவம், வீட்டுல கறி சமைக்க மாட்டோம்.

அளவுதான் எல்லோரும் தவறும் இடம். ஒரு துண்டு பட்டாணி அளவு போதும். சின்ன நாய்க்கு அதிலும் பாதி. மென்று முடிக்க நேரம் எடுக்கும் பிஸ்கட் பயிற்சிக்கு உதவாது. அது தின்று முடிப்பதற்குள் எதற்குக் கிடைத்தது என்பது மறந்துவிடும். உப்பு, காரம் போடாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி நூறு கிராமில் நூறு துண்டுக்கு மேல் வரும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை ஃப்ரீசரில் வைக்கலாம். சைவ வீட்டில் பனீர், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கேரட், கொட்டை நீக்கிய ஆப்பிள். எதுவும் இல்லாத நாளில் இட்லித் துண்டு.

எல்லாத் தீனிக்கும் ஒரே மதிப்பு கிடையாது. வீட்டுக்குள் 'உக்காரு' சொல்ல அதன் வழக்கமான உலர் உணவே போதும். தெருவில் பூனையை விட்டுவிட்டு உங்களிடம் வர வேண்டுமானால் கறியோ பனீரோ வேண்டும். கூடுதல் தீனி ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டுவதாக இருந்தால் தட்டில் வைப்பதைக் குறையுங்கள். திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சாக்லேட், சைலிட்டால் கலந்த சர்க்கரையில்லாச் சூயிங் கம் ஆகியவை நாய்க்கு விஷம். வேகவைத்த எலும்பு குடலைக் கிழிக்கும்.

6. தீனி எப்ப கொடுக்கணும்? "சபாஷ்"னு பாராட்டினா மட்டும் போதாதா?

சரியாகச் செய்த ஒரு நொடிக்குள் கிடைக்க வேண்டும். நாய் உட்கார்ந்தது, நீங்கள் டப்பாவைத் தேடினீர்கள், அதற்குள் எழுந்தது, தீனி வந்தது. இப்போது நீங்கள் எழுந்திருக்கத்தான் கற்றுக்கொடுத்தீர்கள். இந்த இடைவெளியை நிரப்ப, 'செய்தது சரி, தீனி வருகிறது' என்று அறிவிக்கும் ஒரு குறிச்சொல் உதவும். ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர், மரியன் பிரெலண்ட் தம்பதியர் 1940களில் 'கிளிக்' ஒலியை இதற்குப் பயன்படுத்தினார்கள். அந்த ஒலியை எழுப்பும் சின்னக் கருவியான கிளிக்கரை வாங்காவிட்டாலும் பரவாயில்லை. வீட்டுப் பேச்சில் அடிக்கடி வராத ஒரு குட்டிச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். 'சரி' வேண்டாம், நாளெல்லாம் சொல்வோம். 'டக்' நன்றாக இருக்கும்.

முதலில் அந்தச் சொல்லுக்கு மதிப்பு ஏற்ற வேண்டும். 'டக்' என்று சொல்லி உடனே ஒரு துண்டு. 15, 20 முறை. சொன்னதும் நாய் உங்கள் கையைத் திரும்பிப் பார்த்தால் தயார். வெறும் பாராட்டு சில நாய்களுக்குப் போதும். புதிதாக ஒன்றைக் கற்கும்போது பெரும்பாலான நாய்களுக்குப் போதாது.

7. "உக்காரு" சொல்லிக்கொடுக்க படிப்படியா சொல்லுங்களேன்.

தீனியை மூக்கருகே பிடித்து, மெதுவாகத் தலைக்கு மேலே பின்பக்கமாக நகர்த்துங்கள். மூக்கு மேலே போனால் பின்பகுதி தானாகத் தரையைத் தொடும். தொட்ட அந்தக் கணம் 'டக்', தீனி. கையை உயரமாகத் தூக்கினால் நாய் தாவும். பின்னால் நகர்ந்துகொண்டே போனால் சுவரோரமாக நிறுத்திச் செய்யுங்கள். இடுப்பை அமுக்காதீர்கள், அது எதிர்த்துத் தள்ளும்.

ஐந்தாறு முறைக்குப் பிறகு தீனி இல்லாத கையால் அதே சைகை. தீனி மறு கையிலிருந்து. பத்துக்கு எட்டு முறை சரியாக வந்ததும்தான் சொல்லைச் சேர்க்க வேண்டும்: முதலில் 'உக்காரு', ஒரு நொடி கழித்துச் சைகை. ஒரு முறை சொன்னால் போதும். 'உக்காரு உக்காரு உக்காரு' என்றால் மூன்றாவதுதான் கட்டளை என்று நாய் எடுத்துக்கொள்ளும். வீட்டில் ஒருவர் 'உக்காரு', ஒருவர் 'சிட்', பாட்டி 'உட்காருடா கண்ணு' என்று சொன்னால் அதற்கு மூன்று பாடம். எல்லோரும் ஒரே சொல் சொல்ல வேண்டும். மூன்று முதல் ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. கோடையில் காலை வெயில் ஏறுவதற்கு முன்.

8. தீனி கையில இருந்தாத்தான் கேட்குது. இது லஞ்சம் இல்லையா?

முன்கூட்டிக் காட்டி வேலை வாங்கினால் லஞ்சம். செய்த பிறகு கொடுத்தால் கூலி. கையில் தீனி தெரிந்தால்தான் கேட்கிறது என்றால், 7ஆம் கேள்வியில் சொன்ன வெறுங்கைச் சைகைக்கு நீங்கள் மாறவே இல்லை என்று பொருள். தீனியை இடுப்புப் பையிலோ அலமாரி மேலோ வையுங்கள்.

நன்றாகப் பழகிய பிறகு ஒவ்வொரு முறையும் தீனி வேண்டாம். இரண்டுக்கு ஒன்று, பிறகு நாலைந்துக்கு ஒன்று, ஆனால் எப்போது என்று அதற்குத் தெரியக் கூடாது. மற்ற நேரத்தில் வாழ்க்கையே வெகுமதி: உட்கார்ந்தால் கதவு திறக்கும், காத்திருந்தால் பந்து பறக்கும். ஒரே நாளில் அடியோடு நிறுத்தினால் பழக்கமும் தேய்ந்துவிடும்.

9. வீட்டுல சொன்னா கேட்குது. தெருவுக்குப் போனா நான் யாருன்னே தெரியாத மாதிரி இருக்கு.

திமிர் இல்லை. கூடத்தில் கற்றதைத் தெருவுக்குப் பொருத்திப் பார்ப்பது நாய்க்குச் சுலபம் அல்ல. கூடம், வராண்டா, மொட்டைமாடி, ஆளில்லாத தெரு, கடைத்தெரு என்ற வரிசையில் போங்கள். ஒவ்வொரு இடத்திலும் பாடத்தை முதலிலிருந்து தொடங்கித் தீனியின் மதிப்பை ஏற்றுங்கள். நேரம், தூரம், கவனச்சிதறல் மூன்றையும் சேர்த்து ஏற்றாதீர்கள். ஒன்றை ஏற்றினால் மற்ற இரண்டையும் இறக்குங்கள். கறியைக்கூட வாங்க மறுத்தால் அந்த இடம் அதற்கு அதிகம். பத்தடி பின்னால் வாருங்கள்.

10. குட்டி வீட்டுக்குள்ளயே ஒண்ணுக்குப் போகுது. மூக்கைப் பிடிச்சு அதுல தேய்க்கணுமாமே?

வேண்டவே வேண்டாம். பத்து நிமிடத்துக்கு முன் போனதற்கு இப்போது கிடைக்கும் தண்டனையை நாயால் இணைக்க முடியாது (4ஆம் கேள்வி). 'திருட்டு முழி முழிக்குது' என்கிறீர்களே, அது குற்ற உணர்வு அல்ல. உங்கள் முகத்தைப் பார்த்து வந்த பயம். தேய்த்துப் பழகிய குட்டி உங்கள் கண்ணெதிரே போக அஞ்சி, சோபாவுக்குப் பின்னால் போகும்.

இரண்டு மாதக் குட்டியை விழித்ததும், விளையாடியதும், சாப்பிட்ட கால் மணி நேரத்துக்குள்ளும், இடையில் ஒன்றிரண்டு மணிக்கு ஒரு முறையும் வெளியே அழைத்துப் போங்கள். ஒரே இடம். முடித்த இடத்திலேயே தீனி. வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால் உள்ளே வந்ததற்கான கூலி அது. தரையைப் பினாயிலால் மட்டும் துடைத்தால் போதாது. நமக்குத் தெரியாத வாசனை அதற்குத் தெரியும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கிளீனரால் துடையுங்கள்.

11. கூப்பிட்டா வர்றதே இல்ல. ரொம்ப நேரம் ஓட விட்டுட்டு வந்துச்சு, கோபத்துல ஒண்ணு போட்டேன்.

அது வாங்கிய அடி, வந்ததற்கு. ஓடியது எப்போதோ முடிந்துவிட்டது. இனி ஒரு விதி: கூப்பிட்டு வந்தால் எவ்வளவு தாமதமானாலும் திட்டு கிடையாது. குளிப்பாட்டவோ மாத்திரை கொடுக்கவோ 'வா' சொல்லாதீர்கள், நீங்களே போய் அழைத்து வாருங்கள்.

பழைய 'வா' கெட்டுப்போயிருந்தால் புதுச் சொல் ஒன்றை எடுத்து 6ஆம் கேள்வியில் சொன்னபடி மதிப்பு ஏற்றுங்கள். பிறகு ஐந்து முதல் பத்து மீட்டர் கயிற்றை, நெஞ்சைச் சுற்றி மாட்டும் வாரான ஹார்னஸில் கட்டி (கழுத்துப் பட்டையில் அல்ல, ஓடி நின்றால் கழுத்து வெட்டும்) திறந்த இடத்தில் பழக்குங்கள். வந்ததும் நான்கைந்து துண்டு ஒவ்வொன்றாகக் கொடுத்து, மறுபடி விளையாட விடுங்கள். வந்தவுடன் சங்கிலி மாட்டி வீட்டுக்கு இழுத்துப் போனால் அடுத்த முறை ஏன் வரும்?

12. வாக்கிங்ல இழுத்து இழுத்துத் தோள்பட்டையே போச்சு. சோக் செயின் போட்டா சரியாகிடும்னு கடைக்காரர் சொன்னார்.

இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயினும் முள் பட்டையும் வலியால் வேலை செய்பவை. கழுத்தில் மூச்சுக்குழாயும் தைராய்டும் இருக்கின்றன. கழுத்துப் பட்டை இறுகினால் கண்ணுக்குள் அழுத்தமும் ஏறும். இன்னொரு கேடு வெளியே தெரியாது. எதிரே நாய் வரும்போதெல்லாம் கழுத்து வலித்தால், வலிக்குக் காரணம் எதிரே வரும் நாய் என்று உங்கள் நாய் முடிவு கட்டும்.

நெஞ்சுப் பக்கம் கொக்கி உள்ள ஹார்னஸ் வாங்குங்கள். லீஷ் விறைத்தால் நில்லுங்கள், தளர்ந்தால் நடங்கள். முதல் வாரம் இரண்டு மூன்று அடிக்கு ஒரு துண்டு, உங்கள் தொடையோரமாக. முன்னால் நீட்டிக் கொடுத்தால் முன்னால்தான் நடக்கும். தெருமுனை வரை போக இருபது நிமிடம் ஆகும். அவசர நாளில் பயிற்சி வேண்டாம். மோப்பம் பிடிக்க நாய் நின்றால் விடுங்கள், அதுவும் வெகுமதிதான்.

13. அப்ப எதுக்குமே "கூடாது"ன்னு சொல்லக் கூடாதா? செல்லம் கொடுத்துக் கெடுக்கச் சொல்றீங்களா?

எல்லை உண்டு, வலி இல்லை. விருந்தாளி மேல் தாவும் நாய்க்கு: எல்லோரும் மரம்போல் நிற்க வேண்டும், நாலு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் கவனிப்பு. விளையாட்டில் பல் அழுந்தினால் நீங்கள் எழுந்து முப்பது நொடி வெளியே போங்கள். அரை மணி நேரம் பூட்டி வைப்பதால் கூடுதல் பாடம் எதுவும் கிடைக்காது. செருப்பை அலமாரிக்குள் வைப்பதும் பயிற்சிதான்; கடிக்க வாய்ப்பில்லாத நாய்க்குக் கடிக்கும் பழக்கம் வளராது.

ஒரு எச்சரிக்கை. கவனிப்பை நிறுத்தியதும் குரைப்போ தாவலோ முதலில் அதிகமாகும். 'முன்னே பலித்ததே' என்று இன்னும் பலமாக முயன்று பார்க்கும். பலர் மூன்றாம் நாள் இங்கேதான் விட்டுக்கொடுக்கிறார்கள். விட்டால், இன்னும் பலமாகக் குரைத்தால் கிடைக்கும் என்று கற்கும்.

14. சாப்பிடும்போது கிட்டப் போனா உறுமுது. உறுமினா அடிச்சு அடக்கணும்தானே?

உறுமல் நாய் தரும் கடைசி எச்சரிக்கைகளில் ஒன்று. அடித்தால் உறுமல் அடங்கும், பயம் அடங்காது. எச்சரிக்காமல் கடிக்கும் நாய் இப்படியும் உருவாகிறது. தட்டில் கையை விட்டுக் கலக்குவது, பாதியில் பிடுங்குவது என்ற பழைய பழக்கங்களையும் விடுங்கள். நாய் விறைக்காத தூரத்தில், எட்டடி என்று வைத்துக்கொள்ளுங்கள், நடந்து போகும்போது தட்டில் இருப்பதைவிட ருசியான துண்டை எறிந்துவிட்டு விலகிப் போங்கள். உங்களைப் பார்த்ததும் வால் தளர்ந்து ஆடத் தொடங்கினால் ஒரு அடி நெருங்கலாம். வாரக்கணக்கில் ஆகும். அதுவரை குழந்தைகள் அந்தப் பக்கம் போகவே கூடாது.

திடீரென்று தொடங்கிய உறுமல் என்றால் முதலில் கால்நடை மருத்துவர். காது, பல், மூட்டு வலி நாயைச் சிடுசிடுப்பாக்கும். கடித்தே விட்டால், தடுப்பூசி போட்ட வீட்டு நாயாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் வந்தபின் மருந்து இல்லை. கடித்த நாயை இந்தப் பக்கத்தை வைத்து மட்டும் பழக்காதீர்கள். நேரில் பார்க்கக்கூடியவர் வேண்டும்.

15. தீபாவளி வெடிக்கு நடுங்குது. தடவிக்கொடுத்தா பயத்துக்கு வெகுமதி கொடுத்த மாதிரி ஆகிடாதா?

ஆகாது. உட்காருவது நாய் செய்யும் செயல், பயம் அதற்கு நேரும் நிலை. தீனி கொடுத்துப் பயத்தை வளர்க்க முடியாது. அருகில் வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களுக்கு முன்பே வெடிச் சத்தப் பதிவை, காது மட்டும் அசையும் அளவுக்கு மெதுவாக ஒலிக்கவிட்டு, சத்தம் வந்ததும் கறித் துண்டு கொடுத்துப் பழக்கலாம். முந்தைய ஆண்டு சுவரைப் பிறாண்டும் அளவுக்குப் பயந்திருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே மருந்து கேளுங்கள். நாம் போடும் தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

16. எங்களுது ராஜபாளையம். எது சொன்னாலும் அசையாது. இந்த ஜாதிக்கு அடிதான் சரி வருமா?

முதலில் காதைச் சோதியுங்கள். வெள்ளை நிறம் தூக்கலான ராஜபாளையங்களில் பிறவிச் செவிடு தெரிந்த பிரச்சினை. தூங்கும்போது அல்லது வேறு பக்கம் பார்க்கும்போது, தரை அதிராமல், காற்று படாமல், பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டுங்கள். காது கேட்காத நாயைக் 'கீழ்ப்படியாததற்கு' அடித்துக்கொண்டிருக்கும் கொடுமை உண்மையிலேயே நடக்கிறது. செவிட்டு நாய்க்குக் குறிச்சொல்லுக்குப் பதில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவது. மற்றதெல்லாம் 7ஆம் கேள்வியில் உள்ள சைகைகளே. மதில் இல்லாத இடத்தில் அவிழ்த்து விடாதீர்கள்.

காது நன்றாக இருந்தால்: சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் வேட்டைக்கு வளர்த்த இனங்கள். ஓடுவதைத் துரத்துவது அவற்றின் ரத்தத்தில் இருக்கிறது. நிற்கும் பிஸ்கட்டைவிட ஓடும் பந்தோ இழுக்கும் துணியோ அவற்றுக்குப் பெரிய கூலி. நாட்டு நாய் முரடு என்பார்கள். நாங்கள் சொல்வது நேர்மாறு. இவற்றில் பல தொட்டாற்சிணுங்கிகள். ஒரு அடியை மாதக்கணக்கில் மறக்காது.

17. ஷாக் காலர் ரிமோட்டுல லேசாத்தான் அதிருமாம். போலீஸ் நாய்க்கே போடுவாங்களாமே?

ஷாக் காலர் என்பது ரிமோட்டை அழுத்தினால் கழுத்தில் மின் அதிர்ச்சி தரும் பட்டை. அந்த அதிர்ச்சி நாய் கவனிக்காத அளவு லேசாக இருந்தால் எதையும் மாற்றாது. மாற்றுகிறது என்றால் அது வேண்டாததாக இருக்கிறது. 2020இல் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கூப்பிட்டால் வருவது போன்ற பாடங்களுக்காக 63 நாய்களை ஒப்பிட்டார்கள். ஷாக் காலர் போட்டவை வெகுமதியால் பழகியவற்றை மிஞ்சவில்லை. வேல்ஸ் நாடு 2010இலேயே இதைத் தடை செய்துவிட்டது.

18. இத்தனை வருஷம் அடிச்சே வளர்த்துட்டேன். இனிமே மாத்த முடியுமா?

முடியும், மெதுவாக. அடிபட்டுப் பழகிய நாய் எதையும் புதிதாக முயன்று பார்க்காது, அசையாமல் நிற்பதே பாதுகாப்பு என்று கற்றிருக்கும். முதல் இரண்டு வாரம் எந்தக் கட்டளையும் வேண்டாம். அது தானாக உங்களைப் பார்த்தால், அருகில் வந்தால், படுத்தால், ஒவ்வொன்றுக்கும் 'டக்', தீனி. தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகாதீர்கள், நெஞ்சோரம் தடவுங்கள். பழைய சொற்களை விட்டுப் புதியவை எடுங்கள். பயம் விட்டதும் கொஞ்ச நாள் குறும்பு கூடும். அது நல்ல அறிகுறி, அப்போது கையை ஓங்கிவிடாதீர்கள்.

19. "ஒரு மாசம் விட்டுட்டுப் போங்க, பழக்கித் தர்றேன்"னு ஒருத்தர் சொல்றார். நம்பலாமா?

மூன்று கேள்வி கேளுங்கள். என் நாய் சரியாகச் செய்தால் அதற்கு என்ன கிடைக்கும்? தவறாகச் செய்தால் என்ன நடக்கும்? நான் எந்த நேரமும் வந்து பார்க்கலாமா? இரண்டாவதற்குப் 'அதைப் பிறகு பார்த்துக்கலாம்' என்றோ, மூன்றாவதற்கு 'ஓனர் வந்தா நாய் கெட்டுடும்' என்றோ பதில் வந்தால் நாயைக் கூட்டிக்கொண்டு திரும்புங்கள். யார் வேண்டுமானாலும் பயிற்சியாளர் என்று பலகை மாட்டலாம் என்பதால் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் நாய் இல்லாமல் போய் ஒரு வகுப்பைப் பாருங்கள்: மற்ற நாய்களின் வால் எங்கே இருக்கிறது, பயிற்சியாளர் கை நீட்டினால் பதுங்குகின்றனவா என்று.

நாயை அடித்துத் துன்புறுத்துவதும், அளவுக்கு மீறிக் குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவதும் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். பயிற்சி என்ற பெயரில் நடந்தாலும்தான். உங்களையும் உடன் வைத்துக் கற்றுத்தருபவரே நல்லது. வாரம் ஒரு மணி நேரம் அவர், மீதி நாளெல்லாம் நாயோடு இருக்கப்போவது நீங்கள். வேறு இடத்தில் பழகி வந்தாலும் 9ஆம் கேள்வியில் சொன்ன வேலையை உங்கள் கூடத்தில் முதலிலிருந்து செய்தாக வேண்டும்.